தலை நிற்கட்டும், அப்புறம் விமானம்

2025 ஜனவரி 23, தஞ்சாவூர்

பொங்கல் முடிந்த கையோடு என் கணவர் சிங்கப்பூர் திரும்பிவிட்டார். இன்று போனில், "ஏஜென்ட்கிட்ட கேட்டேன், 7 நாள் ஆன குழந்தையையே ஏத்துவாங்களாம். பிப்ரவரி கடைசியில டிக்கெட் போடட்டுமா?" என்றார். பிறந்து இரண்டு வாரமான பாப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த என் அம்மா, "தலை நிக்காத பச்சப்புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏரோப்ளேன்ல போறதாடி?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

ஏஜென்ட் சொன்னது பொய்யில்லை. பல விமான நிறுவனங்களுக்கு 7 நாள் முடிந்திருந்தால் போதும். சில நிறுவனங்கள் 14 நாள் கேட்கும். டாக்டர் கடிதம் இருந்தால் அதற்கு முன்பே ஏற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் அது டிக்கெட் கொடுப்பதற்கான விதி. எங்கள் பாப்பா 36 வாரத்திலேயே பிறந்துவிட்டவள். பிறந்த அன்று மூச்சு வேகமாக ஓடியதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இவளுக்கு எப்போது சரிப்படும் என்பதை ஏஜென்ட் சொல்ல முடியாது. செக்கப்புக்குப் போகும்போது கேட்டுக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

ஜனவரி 29

டாக்டர் அவசரப்படாமல் உட்கார்ந்து விளக்கினார். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைவதால், தரைமட்டத்தில் 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல ஆகிவிடுகிறது. பெரியவர்களுக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சில புள்ளிகள் இறங்குமாம். நிறைமாதத்தில் பிறந்து நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் குழந்தை இதைத் தாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் அந்த 7 நாள் எதற்கு? வயிற்றில் இருக்கும்வரை குழந்தைக்கு நுரையீரலால் வேலை இல்லை. ரத்தம் பெரும்பாலும் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகும். பிறந்த பிறகுதான் அந்த வழிகள் மூடத் தொடங்குகின்றன, நுரையீரலும் முழுதாக விரிந்து பழகுகிறது. அது நடந்துகொண்டிருக்கும் நாட்களில் ஆக்சிஜன் குறைவான இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல்: தூக்கத்தில் சில விநாடிகள் மூச்சை நிறுத்திவிடுவதுண்டு.

"உங்க பாப்பாவுக்குப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீங்கம்மா. எந்தத் தேதிக்குப் பிறந்திருக்கணுமோ, அதிலிருந்து எண்ணுங்க" என்றார். அப்படிப் பார்த்தால் அவளுக்கு இன்னும் நாள் ஒன்றுகூட ஆகவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், சிவப்பு விளக்கு எரியும் சின்னப் பட்டையை அவள் பாதத்தில் சுற்றினார். அவள் உதைக்க உதைக்க எண் ஏறி இறங்கி, கடைசியில் 97-இல் நின்றது. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் எதுவும் இல்லை என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது. விமானத்தின் காற்றைவிட அவர் பயப்படுவது காய்ச்சலுக்குத்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். முதல் மாதத்தில் என்றால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். ரத்தம், சிறுநீர், சில சமயம் முதுகுத்தண்டு நீர்கூட எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நடுவானிலோ, இறங்கின ஊரில் நள்ளிரவிலோ அந்தக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? விமானத்தில் வடிகட்டிகள் இருக்கின்றன, காற்று ஓரளவு சுத்தமாகத்தான் வரும். ஆனால் செக்-இன் வரிசையில் இருமுபவருக்கும் பக்கத்து இருக்கையில் தும்முபவருக்கும் எந்த வடிகட்டி?

பிப்ரவரி 8

இது என்னைப் பற்றி. சிசேரியன் தையலைப் பார்த்த மகப்பேறு டாக்டர், பிரசவத்துக்குப் பிறகு முதல் 6 வாரம் காலில் ரத்தம் உறையும் ஆபத்து பெண்களுக்கு மிகவும் அதிகம் என்றார். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல். மணிக்கணக்கில் கால் மடக்கி உட்காருவது அதற்கு ஏற்றதில்லை. குழந்தையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், பெற்றவள் உடம்பும் பச்சை உடம்புதான் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைக் கணவரிடம் சொன்னதும், "சரி, இனிமே தேதி பத்திப் பேசவே மாட்டேன், நீயும் டாக்டரும் சொல்றதுதான்" என்றார். மனசு லேசானது.

பிப்ரவரி 19

6 வாரத் தடுப்பூசி. இரண்டு தொடையிலும் ஊசி, வாயில் சொட்டு மருந்து. ராத்திரி முழுக்க சிணுங்கல், லேசான சூடு. தட்டம்மைக்கான ஊசி 9 மாதத்தில்தான், அதுவரை கூட்டத்தில் கவனம் வேண்டும்.

மார்ச் 12

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ. வெள்ளைப் பின்னணி, முகம் நேராக, கண் திறந்திருக்க வேண்டும். அப்பாவின் வேட்டியைக் கட்டிலில் விரித்து அவளைப் படுக்க வைத்தோம். கண்ணைத் திறந்தால் கை முகத்துக்கு வருகிறது, கையை இறக்கினால் கொட்டாவி. ஸ்டூடியோ தம்பி கட்டில்மேல் ஏறி நின்று, பொறுமையாக ஒரு மணி நேரம் எடுத்தார். கணவர் சிங்கப்பூர் கிளம்பும் முன்பே கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களை முடித்துவிட்டதால் மற்றது சுலபம். குடும்பம் அங்கே தங்குவதற்கான அனுமதியான டிபெண்டன்ட் பாஸ் வேலையை அவர் அங்கே பார்த்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 16

சித்திரை பிறந்துவிட்டது. இன்று 14 வார ஊசி. ஊசிக் காய்ச்சல் அடங்க இரண்டு மூன்று நாள் விட்டுப் புறப்படச் சொல்லி, பயணத்துக்குச் சரி என்று டாக்டர் கடிதமும் கொடுத்தார். சளி பிடித்திருந்தால் மட்டும் தேதியைத் தள்ளிப்போடுங்கள், மூக்கடைப்போடு இறங்கினால் காதுவலி தாங்காது என்றார்.

மாலை பெரியம்மா வந்தவர், "தூங்கறதுக்கு ஒரு சொட்டு மருந்து குடுத்துடு, அழாம வருவா" என்றார். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அப்படித் தூங்க வைக்கக் கொடுக்கும் சளி மருந்துகளில் சில, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூச்சையே அடக்கிவிடும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவரும் பயந்துபோனார். யாருக்கும் இதை மட்டும் சொல்லாமல் விடாதீர்கள்.

ஏப்ரல் 23, சிங்கப்பூர்

நேற்று திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தோம். அம்மாவும் கூட வந்திருக்கிறார். நாலே கால் மணி நேரப் பயணம். பாப்பாவுக்கு இப்போது தலை நன்றாகவே நிற்கிறது, தோளில் சாய்த்தால் தானே நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கிறாள்.

வரிசையில் நிற்கும்போதெல்லாம் அவளை என் பக்கமே திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டேன். கன்னத்தைத் தொட வந்த ஒரு அம்மாவிடம், "கால் விரலைத் தொட்டுக்கோங்க" என்றதும் அவர் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தார். குழந்தைக்கெனத் தனி பெல்ட் கொடுத்தார்கள். அதில் உள்ள வளையத்தில் என் பெல்ட்டைக் கோத்து, அவள் வயிற்றைச் சுற்றி மாட்ட வேண்டும். என் பெல்ட்டுக்குள்ளேயே அவளையும் சேர்த்துக் கட்டக் கூடாது என்று பணிப்பெண் காட்டிக்கொடுத்தார். குலுங்கும்போது என் எடை முழுவதும் அவள்மேல் விழும்.

பால் கொடுப்பதை விமானம் இறங்கும் நேரத்துக்கென்றே தள்ளி வைத்திருந்தேன். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே அழுத்தம் மாற ஆரம்பித்துவிடுகிறது. என் காது அடைத்ததும் அவளை எழுப்பிப் பால் கொடுத்தேன். விழுங்கும்போது காதுக்குள் இருக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். பாதியில் வாயை எடுத்துவிட்டு, புருவத்தைச் சுருக்கி, காதுப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். அம்மா உள்ளங்காலை மெல்லச் சுரண்டியதும் மறுபடி குடிக்கத் தொடங்கினாள். அழவே இல்லை என்று சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் வீறிட்டாள்தான். சக்கரம் தரையைத் தொட்டதும் அடங்கிவிட்டாள்.

இன்று காலை சித்தி மகள் கூப்பிட்டாள். அவள் குழந்தைக்கு 20 நாள், நிறைமாதப் பிரசவம். அடுத்த வாரம் தோஹா போகலாமா என்று கேட்டாள். போயே தீர வேண்டிய காரியம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம், டிக்கெட் மலிவாக வந்திருக்கிறதாம். டாக்டர் குழந்தையை நன்றாகப் பரிசோதித்துச் சரி சொல்லட்டும், 6 வார ஊசியாவது முடியட்டும், முடிந்தால் மூன்று மாதம் பொறு என்றேன். ஜூலையில் டிக்கெட் பார்க்கிறாளாம்.