ஓல்மியும் எட்டு போல்ட்டுகளும்

ஒரு கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் ஆறு வருஷம் வீடியோ எடுத்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டும் படங்கள். ஹெல்மெட்டை எப்படி மாட்டுவது, பேனலைத் திறக்கும் முன் மெயினை எப்படி அணைத்துப் பூட்டுவது, தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக வெளியேறுவது. இதையெல்லாம் சினிமா என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. நல்ல படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் இந்த வேலையை விட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருஷம் பம்ப் ஹவுஸில் ஒரு ஃபிட்டரைப் படம் பிடித்தேன். அவர் ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. ஃபிளேஞ்ச், அதாவது குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டு, அதன் போல்ட்டுகளை முறுக்குவது எப்படி என்பதுதான் பாடம். மொத்தம் எட்டு போல்ட். ஒன்றை முறுக்கியதும் பக்கத்தில் இருப்பதற்குப் போகாமல் நேர் எதிரே இருப்பதற்குப் போனார். அப்படியே மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக. ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் நடுவில் ஒழுகாமல் அடைக்க வைத்திருக்கும் கேஸ்கெட் ஒருபுறம் நசுங்கி, மறுபுறம் ஒழுகும். கடைசி போல்ட் முடிந்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை ஃபிளேஞ்சின் மேல் வைத்துப் பேசாமல் நின்றார்.

"என்னண்ணே பாக்குறீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தம்பி, சரியா உக்காந்துருச்சான்னுதான்."

எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷத்துக்கு மேல் வந்தது. மேலதிகாரி பார்த்துவிட்டு, இருபது நொடி போதும், மீதியை வேகமாக ஓட்டிவிடு என்றார். நானும் அப்படியே செய்தேன். அந்தக் கையையும் வெட்டிவிட்டேன். கேமராவின் மெமரி கார்டை அழித்து அடுத்த ஷூட்டிங்குக்கு எடுத்துப் போனேன்.

சினிமா இயக்குநர் எர்மானோ ஓல்மியைப் பற்றித் தெரிந்துகொண்டது அதற்கு அப்புறம்தான். 1931-இல் இத்தாலியின் பெர்காமோவில் பிறந்தவர். அப்பா ரயில்வே தொழிலாளி, உலகப் போர்க் காலத்தில் இறந்துபோனார். அம்மா மிலானில் எடிசன் என்ற மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஓல்மியும் இளவயதில் அங்கேயே சேர்ந்துவிட்டார். ஊழியர்களுக்கான நாடகம், பொழுதுபோக்கு என்று ஆரம்பித்தவர் கையில் கேமரா வந்தது. 1950-களில் அந்தக் கம்பெனிக்காக நாற்பது குறும்படங்கள் போல எடுத்திருக்கிறார். ஆல்ப்ஸ் மலையில் அணை கட்டுகிறவர்கள், மின்கம்பி இழுக்கிறவர்கள் என்று பெரும்பாலும் வேலை செய்கிற மனிதர்கள். அதாவது, நான் பார்த்த அதே வேலை. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவருடைய முதல் முழுநீளப் படமே கம்பெனி கேட்ட ஆவணப்படத்திலிருந்து வளர்ந்ததுதான். 1959-இல் வந்தது. பனிக்காலத்தில் வேலை நின்றுபோன ஓர் அணைக்கட்டில் காவலுக்கு இருக்கும் பெரியவர், மாற்று ஆளாக வந்து சேரும் ஒரு மாணவன், அவ்வளவுதான் கதை. முதலில் இருவருக்கும் பேச எதுவும் இல்லை. பனியும் அமைதியும் பழகப் பழக ஒரு பிரியம் வருகிறது. மின்சார உற்பத்தியைப் பற்றிச் சொல்லப் போனவர், அந்த இடத்தில் இரண்டு பேர் ராத்திரியை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

1961-இல் 'இல் போஸ்தோ'. போஸ்தோ என்றால் இத்தாலியில் இடம் என்றும் பொருள், வேலை என்றும் பொருள். நாம் 'போஸ்டிங் கிடைச்சாச்சு' என்கிறோமே, அதற்குப் பக்கத்துச் சொல். தொமேனிக்கோ என்ற பையன் சிறு ஊரிலிருந்து ரயிலேறி மிலானுக்கு வந்து, பெரிய கம்பெனி ஒன்றில் வேலைக்குப் பரீட்சை எழுதுகிறான். எடிசன் அலுவலகத்திலேயே எடுத்த படம் அது. நடித்தவர்களில் பெரும்பாலோர் நடிகர்களே அல்ல. கதாநாயகியாக வரும் லொரெதானா தெத்தோவை ஓல்மி பிறகு திருமணம் செய்துகொண்டார்.

குமாஸ்தா இடம் காலியில்லை என்று பையனை முதலில் பியூனாகப் போடுகிறார்கள். அப்புறம் ஒரு குமாஸ்தா இறந்துபோகிறார். அவருடைய மேஜை காலியாகிறது. பையனை அதில் உட்கார வைத்ததும், பல வருஷமாகக் காத்திருந்த ஒருவர் ஆட்சேபிக்கிறார். உடனே எல்லோரும் அவரவர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஒரு மேஜை முன்னால் நகர, பையனுக்குக் கடைசி வரிசை கிடைக்கிறது. நகலெடுக்கும் இயந்திரத்தின் சத்தம் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்க, அவன் முகம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கிற இடம் இது. அங்கே யாருமே கெட்டவர் இல்லை. முன்னால் நகர்கிறவர்களையும் ஓல்மி அதே பரிவோடுதான் பார்க்கிறார். உள்ளேயே பல வருஷம் இருந்த ஒருவரால்தான் அப்படிப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன்.

1978-இல் வந்த 'மரச்செருப்பு மரம்' அவருக்குக் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வாங்கித் தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெர்காமோ பக்கத்து விவசாயக் குடும்பங்கள். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு நிலச்சுவான்தாருக்கு. நடித்தவர்கள் அந்தப் பகுதி மக்கள், பேசுவது அவர்களுடைய வட்டார மொழி. எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் ஓல்மியே. பள்ளிக்கு வெகுதூரம் நடந்து போகும் மகனின் மரச்செருப்பு உடைந்துவிடுகிறது. அப்பா பத்திஸ்தி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மரத்தை வெட்டி, வீட்டில் உட்கார்ந்து புதிய செருப்பைச் செதுக்குகிறார். மரம் முதலாளியுடையது. விஷயம் தெரிந்ததும் குடும்பத்தையே வெளியேற்றிவிடுகிறார்கள். அந்தச் செதுக்கலை ஓல்மி அவசரமில்லாமல் காட்டுகிறார். இன்னொருவராக இருந்தால் வெட்டுவது, செருப்பு, வெளியேற்றம் என்று மூன்று ஷாட்டில் தாண்டியிருப்பார். அப்படித் தாண்டியிருந்தால் பத்திஸ்தி நமக்கு யாரோ ஒருவர்தான்.

பிறகு 1988-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருது வந்தது, நடுவில் கடுமையான நோயும் வந்துபோனது. வட இத்தாலியின் பஸ்ஸானோ தெல் கிராப்பாவில் இளம் இயக்குநர்களுக்காக ஒரு பட்டறையைத் தொடங்கி நடத்தினார். 2018 மே மாதம், பல வருஷம் வாழ்ந்த அஸியாகோவில் காலமானார்.

பத்திஸ்தி செதுக்குவதைப் பார்த்தபோது எனக்குப் பம்ப் ஹவுஸ்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் இருந்த கார்டுகளை எல்லாம் தேடினேன். கிடைக்காது என்று தெரிந்தே தேடினேன். திரும்ப எடுக்கலாம் என்றால், அந்தப் பம்ப்பைக் கழற்றுகிற வேலை அடுத்த வருஷம்தான் வரும்.

ஓய்வு பெற்ற அன்று மாலை, கழுத்தில் மாலையோடு அந்த ஃபிட்டர் எங்கள் அறைக்கு வந்தார்.

"தம்பி, அன்னிக்கு என்னை எடுத்தீங்கல்ல, அதுல ஒரு காப்பி குடுங்க. பேத்திக்குக் காட்டணும். தாத்தா என்ன வேலை பாக்குறேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். இருபது நொடி. அதில் அவர் முகம்கூட இல்லை. ஸ்பானர் வேகமாகச் சுற்றுகிறது, எட்டு போல்ட்டும் முடிந்துவிடுகிறது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டு, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.