சிலிப்பர் கட்டையில் நின்ற மைனர்

மே 3, சனி

காலையில் காரை வெளியே எடுத்துவிட்டுக் கொட்டிலைக் கூட்டப் போனேன். கார் நின்ற இடத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு மண் கறுத்துக் கிடந்தது. விரலால் தொட்டேன், பிசுபிசுத்தது. ஒயில்தான்.

மாசி மாதம்தான் வவுனியாவில் ஒரு கராஜில் கியர்பொக்ஸின் பின்பக்கச் சீலை, அதாவது ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றினேன். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. மனம் கனத்துப் போய்விட்டது. இந்த முறை யாரிடமும் கொடுப்பதில்லை, நானே கழற்றிப் பார்க்கிறேன் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

அப்பாவின் கார் இது. மொறிஸ் மைனர் 1000, 948 சீசீ எஞ்சின், இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து. மாங்குளம் சந்தியில் வாடகைக்கு ஓடியது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் காபரேற்றருக்குள் சிரிஞ்சால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டாட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியபோது கார் வவுனியாவில் பெரியப்பா வீட்டில் நின்றது. அதனால்தான் இன்று இருக்கிறது. எங்களோடு இருந்த சாமான் எதுவும் 2009ஐத் தாண்டி வரவில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஐந்து கிழமைதான். அம்மா இந்தக் காரில்தான் போவேன் என்று சொல்லிவிட்டார்.

மே 4, ஞாயிறு

இரவே பள்ளிக்கூடத்து வரைதல் தாள்களை ஒட்டிக் காருக்குக் கீழே விரித்து, ஓரங்களில் கல் வைத்திருந்தேன். விடிய மருமகன்தான் முதலில் குனிந்து பார்த்தான்.

“மாமி, முன்னுக்கு ஒரு பொட்டு. நடுவில பெரிசாக் கிடக்கு. பின்னுக்கு ஒண்டுமில்லை.”

முன்னால் விழுந்தது கறுப்பு, எஞ்சின் ஒயில். இந்த வயதுக் காருக்கு ஒரு துளி பரவாயில்லை. நடுவில் விழுந்தது தேன் நிறம். மணந்து பார்த்தால் முட்டை கெட்டது போல ஒரு கந்தக வாடை. அதுதான் குழப்பியது. மைனரின் கியர்பொக்ஸுக்கு எஞ்சினுக்கு விடும் அதே ஒயில்தான். கந்தக வாடை பின் அச்சுக்கு விடும் ஈபி 90 என்ற தடிப்பான ஒயிலுக்கு உரியது. ஆனால் பின் அச்சு துடைத்து வைத்தது போலக் காய்ந்து கிடக்கிறது.

ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்கு அடித்துக்கொண்டு போகும். அதனால் நனைந்த இடங்களில் ஆக முன்னால் உள்ளது எது என்று தேட வேண்டும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அடிப்பக்கம் முழுவதையும் துடைத்தேன். ஐந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து ரோச் அடித்துப் பார்த்தேன். ஸ்பீடோமீற்றர் கேபிள் ஏறும் இடமும் ஒழுகக்கூடியதுதான், அது காய்ந்திருந்தது. கியர்பொக்ஸின் வாலில், சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் சாஃப்ட் உள்ளே போகும் வாயைச் சுற்றி ஈர வளையம். சீல்தான்.

மே 10, சனி

பள்ளிக்கூடத்து வேலையோடு கிழமை போனதே தெரியவில்லை. இன்றுதான் நேரம் கிடைத்தது.

காரின் பின்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி இரண்டு சிலிப்பர் கட்டையில் நிறுத்தினேன். பழைய யாழ்ப்பாண ரெயில் பாதையின் கட்டைகள். எங்கள் வளவில் பங்கருக்குக் கூரையாகக் கிடந்தவை. பாதை திரும்பப் போட்டு 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரெயில் போன பிறகும் இவை இங்கேயே நின்றுவிட்டன. சீமெந்துக் கல்லை இதற்கு ஒருபோதும் நம்பக் கூடாது, பாரத்தில் சொல்லாமல் வெடிக்கும். முன் சில்லுகளுக்கும் அண்டை கொடுத்து, கீழே படுக்கும் முன் காரைத் தோளால் தள்ளி ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

முதலில் கியர்பொக்ஸ் ஒயிலை வடித்தேன். மைனர் கியர்பொக்ஸ் பிடிக்கும் அளவு 2¼ பைன்ட், கிட்டத்தட்ட 1.3 லீற்றர். வடிந்ததைச் சோடாப் போத்தலில் ஊற்றி அளந்தால் 800 மில்லிலீற்றர்கூட இல்லை. வாடையின் மர்மமும் விளங்கியது: யாரோ உள்ளே ஈபி 90ஐ விட்டிருக்கிறார்கள். காலையில் கியர் விழ மறுத்ததற்கும் அந்தத் தடிப்புத்தான் காரணமாக இருக்க வேண்டும். சில ஈபி ஒயில்களில் சேர்க்கும் கந்தகம் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களையும் அரிக்கும். போத்தலை வெயிலில் பிடித்தேன். அடியில் பொன்தூள் மாதிரி மினுங்கியது. அது பித்தளை. நல்லவேளை, கொஞ்சம்தான்.

அடுத்தது புரொப்பெலர் சாஃப்ட். பின் அச்சில் நான்கு போல்ட். கழற்றும் முன் இரண்டு தட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ற் கோடு ஒன்று கீறினேன். திரும்பப் பூட்டும்போது அதே கோடு பொருந்தாவிட்டால் சமநிலை பிசகி நடுக்கம் வரும். நட்டுகள் அங்குல அளவு, மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டு மழுங்கடிக்கக் கூடாது. முன் பக்கத்தில் சாஃப்டுக்குப் போல்ட் கிடையாது. பல்லுப் பல்லாக வெட்டிய தண்டின்மேல் அதன் கழுத்து சறுக்கி ஏறும், பின்னுக்கு இழுத்தால் கழன்று வரும். பின்பக்கம் உயர்ந்து நிற்பதால் உள்ளே எஞ்சிய ஒயிலும் கொட்டவில்லை.

பின்னேரம் கார்க்கார மாமா வந்தார். அப்பாவோடு சந்தியில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஓடியவர். கதிரையில் இருந்தபடி சாஃப்டைத் தரச் சொன்னார்.

“பிள்ளை, சீலைக் குறை சொல்லாதை. இதை ஆட்டிப் பார்.”

பின் முனையில் உள்ள யுனிவேர்சல் குறொஸை, சாஃப்ட் மடங்கிச் சுழல விடும் மூட்டை, ஆட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் தட்டித் தட்டி நின்றது. அதன் ஊசிக் குண்டுகளை மூடும் கப்பின் ஓரத்தில் செம்மண் போல ஒரு தூள், ஆனால் மண் இல்லை. கிறீஸ் இல்லாமல் ஊசிக் குண்டுகள் ஒன்றையொன்று அரைத்து வந்த துரு. ஐம்பதைத் தாண்டினால் காலடித் தரை நடுங்குவதை ரயர் பழசு என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓடியிருக்கிறேன். அந்த நடுக்கம் சாஃப்ட் வழியாக முன்னுக்குப் போய்ச் சீலின் உதட்டில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கராஜில் சாஃப்டைக் கையில் எடுத்தவர்கள் ஒருமுறை ஆட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இதை நினைத்துத்தான் என்னால் ஆறவே முடியவில்லை.

மே 12, திங்கள்

வெசாக் விடுமுறை. சீலைக் கழற்றும் முன் அது இருக்கும் ஆழத்தைத் தீக்குச்சி வைத்து நாலு பக்கமும் அளந்தேன். மேலே ஒரு அளவு, கீழே அதைவிட இரண்டு மில்லிமீற்றர் ஆழம். சரித்து அடித்திருக்கிறார்கள். அதன் தகட்டு முகத்தில் இரண்டு சின்ன ஸ்குரூவை ஏற்றி, குறட்டால் மாறி மாறி இழுத்தேன். சீல் உட்காரும் குழியின் உள் சுவரில் கீறல் விழக்கூடாது, விழுந்தால் புதிய சீலுக்கு வெளியாலேயே ஒயில் வழி கண்டுபிடிக்கும்.

வெளியே வந்ததைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். ரப்பர் உதட்டின் ஒரு பக்கம் தேய்ந்து பளபளக்கிறது, மற்றப் பக்கம் புதிதாகவே இருக்கிறது. உதட்டை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய சுருள் கம்பி ஒரு இடத்தில் தவாளிப்பை விட்டு வெளியே வந்திருந்தது, அடித்த அதிர்ச்சியில் கழன்றிருக்கும்.

பிறகு சாஃப்டின் கழுத்து. உதடு உரசும் இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். கண்ணுக்கு வெறும் கோடு, நகத்தை ஓடவிட்டால் தட்டி நிற்கிறது. நகம் தட்டினால் சீலும் அதைப் பிடிக்காது. கழுத்தைத் திரும்ப உள்ளே விட்டு மேலும் கீழும் அசைத்தேன். கழுத்தைத் தாங்கும் புஷ்ஷில் ஆட்டம் மிகக் கொஞ்சம். அதை இப்போது தொட வேண்டாம் என்று மாமாவும் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டேன்.

மே 14, புதன்

பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸில் வவுனியா. குறொஸ் கிடைத்தது. சீல் கொழும்பில், பஞ்சிகாவத்தையில் இருந்து வர வேண்டுமாம். பழைய சீலில் பொறித்திருந்த அளவுகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். புளியங்குளம் தாண்டி றோட்டோரத்தில் பாலைப்பழம் விற்றார்கள். அம்மாவுக்கு ஒரு சுண்டு.

மே 18, ஞாயிறு

காரைத் தொடவில்லை. முள்ளிவாய்க்காலுக்கு பஸ்ஸில் போனோம். கஞ்சி குடித்தோம். அம்மா வரும் வழி முழுக்கப் பேசவில்லை.

மே 24, சனி

சீல் வந்துவிட்டது. இன்று முழு நாளும் இதிலேயே போனது, போனது நல்லது.

குறொஸை மாற்றுவது வைஸ் இருந்தால் சுலபம். கப்பைப் பிடித்திருக்கும் சேர்கிளிப்பைக் கழற்றி, ஒரு பக்கம் சின்னச் சொக்கட்டும் மறுபக்கம் பெரிய சொக்கட்டும் வைத்து இறுக்க, பழைய கப் தானாக வெளியே வருகிறது. புதிய கப்பில் ஊசிக் குண்டு ஒன்று சரிந்தாலும் கப் முழுதாக இறங்காது. அதனால் கிறீஸால் ஒட்டி நிறுத்தி, மருமகனை விளக்குப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றினேன்.

கழுத்தில் உள்ள பள்ளத்துக்கு என்ன செய்வது என்பதுதான் இரண்டு கிழமையாக மனதில் கிடந்தது. மெல்லிய உறை போடலாம், லேத்தில் கொடுத்துக் கடையலாம். கடைசியில் எளிய வழியையே எடுத்தேன். நுண்மையான எமரிப் பேப்பரில் ஒயில் தொட்டு, சாஃப்டின் சுற்றுக்கு மட்டும் உரசிக் கரடு எடுத்தேன். நீளவாக்கில் உரசினால் அந்தக் கீறல்களே ஒயிலை வெளியே கொண்டுவரும். பிறகு புதிய சீலைக் கடைசி ஆழம் வரை இறக்காமல் இரண்டு மில்லிமீற்றர் முன்னதாக நிறுத்துவது என்று வைத்துக்கொண்டேன். உதடு அப்போது பள்ளத்துக்குப் பக்கத்தில், தேயாத இரும்பில் உட்காரும். குழியில் அதற்கு இடம் இருந்தது.

சீலின் கம்பி தெரியும் பக்கம் ஒயிலைப் பார்த்து உள்ளே. உதட்டில் புது ஒயில் தடவினேன். சீலின் விளிம்புக்குச் சரியான அகலத்தில் ஒரு ஜிஐ பைப் துண்டை லேத்துக்காரர் முகம் மட்டமாகக் கடைந்து தந்திருந்தார். அதை வைத்துச் சுத்தியலால் பொட்டுப் பொட்டாகத் தட்டினேன். நாலு தட்டுக்கு ஒருமுறை தீக்குச்சி அளவு. நான் அளவைச் சொல்ல, மருமகன் கொப்பியில் எழுதினான். கடைசி நாலு அளவும் ஒன்றாக வந்தபோது அவன் சத்தம் போட்டு வாசித்தான்.

சாஃப்டை நேராகப் பிடித்து, வெட்டுப் பல் உதட்டைக் கிழிக்காமல் மெல்லச் சுழற்றி ஏற்றினேன். வெள்ளைக் கோடு பொருந்தியது. நான்கு போல்ட்டையும் குறுக்கு மறுக்காக இறுக்கினேன்.

மே 25, ஞாயிறு

கியர்பொக்ஸுக்கு 20-50 எஞ்சின் ஒயில், நிரப்பும் துளையில் இருந்து வழியும் வரை. காரைச் சமதரையில் இறக்கிவிட்டுத்தான் ஊற்றினேன், சரிவில் நின்றால் மட்டம் பிழைக்கும். கிறீஸ் நிப்பிள் எல்லாவற்றுக்கும் கிறீஸ் அடித்தேன்.

ஒட்டுசுட்டான் வரை போய்த் திரும்பினோம். அறுபதில் தரை நடுங்கவில்லை. சோளகக் காற்றின் சத்தம்தான் கேட்டது. மூன்றாம் கியர் கை பட்டதும் விழுகிறது.

ஜூன் 7, சனி

இரண்டு கிழமையில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியாயிற்று. நேற்றிரவு புதிய தாள் விரித்தேன். முன்னால் எஞ்சினின் அந்த ஒரு பொட்டு. நடுவில் வெள்ளைத்தாள், ஒரு பூச்சி மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. வாலைச் சுற்றி விரலை ஓட்டினேன், புழுதி காய்ந்த புழுதியாகவே வந்தது. மட்டத் திருகைத் திறந்தால் ஒயில் விளிம்பில் நிற்கிறது.

தாளில் மருமகன் திகதி போட்டுக் கொப்பிக்குள் மடித்து வைத்தான். திங்கள் பொங்கல். பின்னேரம் வெயில் தாழ வெளிக்கிடுகிறோம். கார்க்கார மாமா முன்னுக்கு இருப்பார். அம்மா அரிசியையும் தேங்காயையும் இப்போதே பின் இருக்கையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.