பில் போட்ட நாளும் பணம் வந்த நாளும்

ஒரு நிறுவனம் டிஜிட்டல் முறைக்கு மாறியதால் என்ன பயன் கண்டது என்று கேட்டால், பெரும்பாலானோர் விற்பனை எவ்வளவு கூடியது என்றுதான் பார்க்கிறார்கள். கோவையில் பம்ப், மோட்டார் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளின் கணக்கு வழக்குகளைப் பார்ப்பது என் தொழில். சரக்கு அனுப்பிய நாளுக்கும் பணம் வங்கியில் ஏறிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள் குறைந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மாதம் 50 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்பும் பட்டறைக்கு 90 நாள் கழித்துப் பணம் வந்தால், எப்போதும் ஒன்றரைக் கோடி வெளியில் நிற்கும். 12 சதவீத வட்டிக்கு வங்கியில் ஓவர் டிராஃப்ட் கடன் எடுத்து அதை ஈடுகட்டினால் ஆண்டுக்கு 18 லட்சம் வட்டியாகப் போய்விடும். இதே 45 நாளில் வந்தால் 9 லட்சம் மிச்சம். ஆர்டர் ஒன்றுகூடக் கூடாமல் கிடைக்கும் லாபம் இது.

பில்லை அரசுத் தளத்தில் பதிய வேண்டிய இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமாகி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களையும் எட்டியது. டேலி கணக்கு மென்பொருளில் போட்ட பில் அந்தத் தளத்துக்குப் போய், ஐஆர்என் என்ற தனிப் பதிவு எண்ணும் க்யூஆர் குறியீடும் பெற்று நொடிகளில் திரும்புகிறது. விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 வரிப் படிவத்திலும் தானாக ஏறிவிடுகிறது. பில் எண் தப்பு, தொகை ஒத்துவரவில்லை என்று மாதந்தோறும் நடந்த தகராறுகள் இதனால் வெகுவாகக் குறைந்தன. ஆனால் பணம் முன்கூட்டி வரவில்லை.

காரணம் வாங்குபவரின் சரக்குக் கிடங்கான ஸ்டோர்ஸில் இருக்கிறது. கேட்டில் வண்டி நுழைந்ததும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்கிறார்கள். பிறகு பெட்டி தரச் சோதனைக்காகக் காத்துக் கிடக்கிறது. சோதிப்பவர் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து தாளில் குறிக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து இன்னொருவர் நிறுவன நிர்வாக மென்பொருளான ஈஆர்பியில் ஜிஆர்என் எனும் சரக்கு வரவுச் சீட்டைப் போட்ட பிறகுதான் பணம் தர வேண்டிய கெடு நாளே ஓடத் தொடங்குகிறது. கோடிக்கணக்கில் செலவிட்டு ஈஆர்பி நிறுவிய இடங்களிலும் இந்தத் தாள் வாரக்கணக்கில் ஒரு மேசையில் தங்கிவிடுவதைக் காண்கிறேன்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, சரக்கைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்காவிட்டால் பெற்ற நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி உண்டு. அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற அச்சத்தில் அதைக் கேட்கத் துணிபவர் அரிது.

சிறு நிறுவனங்களின் பில்லைக் கெடுவுக்கு முன்பே பணமாக்க 2017 முதல் இயங்கிவரும் ட்ரெட்ஸ் இணையத் தளங்களிலும் முட்டுக்கட்டை இதுவேதான். வாங்குபவர் பில்லை ஒப்புக்கொண்டால் வங்கிகள் ஏலம் கேட்டு, பெரும்பாலும் மறுநாளே விற்றவருக்குப் பணம் தந்துவிடும். வாங்குபவர் பின்னர் தவறினாலும் விற்றவரிடம் திருப்பிக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31க்குள் இதில் சேர வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. ஆனால் பதிவு செய்வது வேறு, பில்லை ஒப்புக்கொள்வது வேறு. ஜிஆர்என் இல்லாமல் எந்தக் கணக்குப் பிரிவும் ஒப்புக்கொள்ளாது.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம், அளவுகளைச் சோதனை மேசையிலேயே டேப்லெட்டில் பதியச் செய்து, ஜிஆர்என் எண் அன்றே விற்பவரின் கண்ணில் படும்படி தன் தளத்தை மாற்றியது. மொத்த ஈஆர்பி செலவில் இது மிகச் சிறு பங்கு. அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் பட்டறைகள், பில் எங்கே நிற்கிறது என்று விசாரிக்க ஸ்டோர்ஸுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டன.