பால்வாடியில் பாதி, வீட்டில் பாதி

மும்பையில் ஜூன் மாதம் மழையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தேதான் தொடங்கும். தாராவியில் நான் வேலை பார்க்கும் பால்வாடிக்கு அந்த நாட்களில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மார்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: “எப்போ டீச்சர் எழுத வைப்பீங்க?” பிள்ளைக்கு அப்போதுதான் மூன்று வயது முடிந்திருக்கும். சில வீடுகளில் அதற்குள் நாலு கோடு நோட்டும் பென்சிலும் வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த ஆசையை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். தோல் பட்டறையிலும் இட்லி வியாபாரத்திலும் முதுகொடிய உழைக்கிறவர்கள், தங்கள் பிள்ளையாவது படித்து மேலே வரவேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்கான வழி பென்சிலில் தொடங்குகிறது என்று நம்புகிறார்கள். அதற்கு முன்னால் பேச்சும் விளையாட்டும் வீட்டு வேலையும் இருக்கின்றன என்பதை அவர்களுக்குக் காட்டுவதில்தான் என் உழைப்பில் பெரும்பகுதி போகிறது.

எழுதுவதையே எடுத்துக்கொள்வோம். மூன்று நான்கு வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழுதாக உருவாகியிருக்காது. சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். விரல்களில் பிடிமானம் வந்திருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை முஷ்டியாகப் பிடித்து, தோள்பட்டையிலிருந்து இழுத்து எழுதும். அப்படிப் பழகிய பிடியைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அதனால் எங்களிடம் முதல் மாதங்களில் களிமண்தான். எங்கள் பால்வாடியிலிருந்து கும்பார்வாடா நடக்கிற தூரம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கே பானை வனைகிறவர்கள் பிசைந்த மண்ணை உருண்டையாகத் தருவார்கள். பிள்ளைகள் அதைக் கிள்ளுவார்கள், உருட்டுவார்கள், பாம்பு செய்வார்கள், முறுக்குச் சுற்றுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவது அங்கேதான். வீட்டில் அதே வேலையை முருங்கைக்கீரை உருவுவதும் பட்டாணி உரிப்பதும் செய்யும். “கீரை ஆயும்போது பக்கத்துல உக்கார வைங்க, அதுதான் இந்த மாச ஹோம்வொர்க்” என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு செய்வார்கள்.

எழுத்து என்று வரும்போதும் நான் அகர வரிசையில் தொடங்குவதில்லை. ‘அ’ வளைந்து சுழிந்து கோடு இறங்குகிற எழுத்து. ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுகளில் அடங்கிவிடும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவதும் எளிது. தட்டில் ரவையைப் பரப்பி விரலால் முதலில் ‘ட’ போடுகிறார்கள். இந்த மூன்று வந்துவிட்டால் ‘படம்’, ‘மடம்’ என்று முழுச்சொற்களே கிடைக்கின்றன, மெய்க்கு ஒரு புள்ளி மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். 247 எழுத்தையும் பார்த்து மலைத்துப்போகிற பிள்ளைக்கு முதல் சில வாரங்களிலேயே ஒரு சொல்லைப் படித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தாராவியின் தமிழர் தெருக்களில் விடிவதற்கு முன்பே இட்லி அடுப்புகள் எரிய ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு வீட்டுப் பையன். ஒன்றிலிருந்து நூறு வரை ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் சொல்வான். அவன் அம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. நான் அவர்கள் கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்குப் போனபோது, “தம்பி, ஆறு கிண்ணம் எடுத்துட்டு வா” என்றேன். கைக்கு அடங்கிய வரைக்கும் அள்ளிக்கொண்டு வந்தான். எண்ணச் சொன்னதும் வாய் வேகமாக ஓடியது, விரல் மெதுவாகப் போனது. நாலு கிண்ணத்துக்குள் ஏழு சொல்லி முடித்துவிட்டான். நூறு வரை சொல்வது அவனுக்கு ஒரு பாட்டு. ஒரு பொருளுக்கு ஒரு எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை.

அவன் அம்மாவிடம் நான் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. அப்படி ஒரு நேரமே அந்த வீட்டில் கிடையாது. அவர்கள் பொட்டலம் கட்டும்போது அவன் எப்படியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு இட்லிப் பொட்டலத்துக்கும் ஒரு சட்னிப் பாக்கெட் வைக்கச் சொன்னேன், கொஞ்ச நேரம், அவனுக்கு விருப்பம் இருக்கிற வரைக்கும். வேலை வாங்குவதற்காக அல்ல. “எல்லாத்துக்கும் வந்துச்சா? எத்தனை மிச்சம்? இன்னும் ரெண்டு பேர் வந்தா என்ன செய்வ?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் பாடம். தீபாவளி நெருங்கும்போது அவன் பால்வாடியில் பாய் விரித்தவுடன் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணி, அத்தனை தட்டு மட்டும் எடுத்து வந்தான். ஐந்து பொத்தான்களை நெருக்கி ஒரு வரிசை, அகட்டி ஒரு வரிசை வைத்து எதில் அதிகம் என்று கேட்டால் அப்போதும் அகட்டி வைத்ததைத்தான் காட்டினான். அதில் தவறில்லை. பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் இதைத்தான் பிள்ளைகளிடம் மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்தார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தெளிய ஆறேழு வயதாகும். அதுவரை திட்டாமல் காத்திருக்க வேண்டும்.

மொழி இங்கே பெரிய சிக்கல் போலத் தெரியும். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், கல்லியில், அதாவது சந்தில், இந்தி, பள்ளியில் மராத்தி, கனவில் ஆங்கிலம். ஒரு சிறுமி சேர்ந்ததிலிருந்து வாரக்கணக்கில் எங்களிடம் வாயே திறக்கவில்லை. அவள் ஆச்சி, “வீட்டுல வாய் ஓயாது டீச்சர், இங்கே வந்து ஊமையாயிருக்காளே” என்று கலங்கினார். புது மொழி சூழ்ந்த இடத்தில் பிள்ளைகள் பலர் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அது குறையல்ல. யாரோ சொல்லி, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொன்னேன். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் விடுகதைகள் மூட்டை மூட்டையாக இருந்தன. பால்வாடிக்கே வரச் சொன்னோம். “வெள்ளை ராஜாவுக்குக் கறுப்பு உடை, அது என்ன?” என்று அவர் கேட்டதும் எல்லாருக்கும் முன்னால் அந்தச் சிறுமிதான் “உளுந்து!” என்று கத்தினாள். எங்கள் காதில் விழுந்த அவளுடைய முதல் சொல் அது. பிறகு ஆச்சியை வைத்தே ஒலி விளையாட்டு நடத்தினோம்: ‘ம’வில் தொடங்கும் பொருள், ‘க’வில் தொடங்கும் பொருள். ஒரு மொழியில் சொல்லைப் பிரித்துக் கேட்கப் பழகிய காது வேறு எந்த மொழியைப் படிக்கவும் உதவும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலம் நன்றாக வரவேண்டும் என்பதற்காகத்தான் வீட்டுத் தமிழை விடாதீர்கள் என்கிறேன். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்தவரை தாய்மொழியிலேயே தொடக்கக் கல்வி என்றுதான் சொல்கிறது.

இப்படி வீடு வீடாகப் போவதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. மும்பையில் பிறந்த கல்வியாளர் தாராபாய் மோடக், போர்டி என்ற கிராமத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, பாலர் பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். 1975இல் தொடங்கிய ஐசிடிஎஸ் என்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளுக்கு முன்னோடி அந்த முற்றம்தான். தாராவியில் முற்றம் கிடையாது. பத்துக்குப் பத்து கோலியும், மேலே ஏற ஒரு இரும்பு ஏணியும்தான். ஆனாலும் தண்ணீர் வரும் நேரத்தில் குடங்களை வரிசையாக வைக்கும்போது எது பெரிசு, எது முதலில் நிறையும் என்று பேச அங்கே இடம் இருக்கிறது.

செல்போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. போனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சமைக்க முடிகிறது என்கிற தாயிடம் நான் சண்டை போடுவதில்லை. சோறு ஊட்டும்போது மட்டுமாவது அணைத்துவையுங்கள், அப்போது பேசுங்கள் என்று கேட்கிறேன்.

அப்பாக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பட்டறையிலிருந்து அவர்கள் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். காலையில் கொண்டுவந்து விடும் கொஞ்ச நேரம்தான் அவர்களுக்கு மிச்சம். 90 அடி சாலையில் தமிழ், மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம் என்று எல்லா எழுத்திலும் பலகைகள் தொங்குகின்றன. பிள்ளையின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்தை மட்டும் தேடிக்கொண்டே வாருங்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். ஓர் அப்பா மறுவாரம் வந்து, “கடை கடையா நிக்கிறான் டீச்சர், எனக்குப் பட்டறைக்கு லேட்டாவுது” என்றார். அவரை இன்னும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். இந்த ஜூன் கூட்டத்துக்கு அப்பாக்களைத் தனியாக, ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடப்போகிறோம்.