ஒஹையோவிலிருந்து ஒரு மணி நேரம்

அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி அமைப்பான என்.பி.ஆரை அகில இந்திய வானொலி மாதிரி நினைத்துக்கொள்பவர்கள் நம்மில் அதிகம். மேலிடத்தில் ஒருவர் தலையாட்டினால் நாடு முழுவதும் ஒலித்துவிடும் என்று நம்புகிறார்கள். அமெரிக்கப் பொது வானொலியில் அந்தந்த ஊர் நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநர் வைத்ததுதான் சட்டம். ஒஹையோவில் நான் வேலை பார்க்கும் சிறு நிலையத்தின் நிகழ்ச்சி ஒன்றை வெளி மாநிலங்களுக்குக் கொண்டுபோனபோது இது நன்றாகவே உறைத்தது.

மூடப்பட்ட எஃகு ஆலையின் பழைய தொழிலாளர்களைப் பற்றிய நிகழ்ச்சி. உள்ளூரில் நல்ல வரவேற்பு. வெளியே அனுப்பலாமா என்றதும் எங்கள் இயக்குநர் கேட்டது, “எந்த நாளுக்கு?” சாதாரண நாட்களில் எந்த நிலையத்திலும் இடம் காலி இருக்காது. விடுமுறை நாட்களில்தான் சிறப்பு நிகழ்ச்சிக்குக் கதவு திறக்கும். செப்டம்பர் முதல் திங்கள் அங்கே தொழிலாளர் தினம், அதைக் குறிவைத்தோம்.

அடுத்தது வெட்டு வேலை. ஒரு மணி நேரம் என்றால் 59 நிமிடம். முதல் 59 விநாடி முன்னோட்டம். அதற்குப் பின் ஐந்து நிமிடம் செய்திக்கு விட வேண்டும். செய்தி இல்லாத நிலையங்களுக்காக அங்கே இசை. நடுவே இடைவேளைகள். நிலையங்களில் செய்திக்கும் நிகழ்ச்சிக்கும் மாற்றி மாற்றி இணைப்பது கணினி. ஒரு விநாடி பிசகினாலும் பேச்சு பாதியில் அறுந்துவிடும். எண்பதை நெருங்கும் ஒருவர், கடைசி ஷிஃப்ட் முடிந்து சாப்பாட்டு டப்பாவை லாக்கரிலேயே விட்டுவிட்டு வந்ததைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். ஏழு விநாடி மௌனம். இடைவேளைக்கு முன் நான்கு விநாடிதான் மிச்சம். மௌனத்தில் கைவைக்க மனம் வரவில்லை. அறிவிப்பாளரின் வாக்கியம் ஒன்றைத் தூக்கினேன். அறிவிப்பாளருக்கு இன்னும் வருத்தம்தான்.

இன்னொருவர் வாயைத் திறந்தாலே வசவு. காலை 6 முதல் இரவு 10 வரை அதை ஒலிபரப்ப அமெரிக்க ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி.யின் விதி இடம் தராது, வெட்டினோம். “பாலத்துக்கு அந்தப் பக்கம்” என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும், அரிசோனாவில் யாருக்குப் புரியும்? அவற்றையெல்லாம் திருத்தி எழுதினோம்.

விநியோகத்துக்கு, நிலையங்கள் நிகழ்ச்சிகளைத் தேடி எடுக்கும் பி.ஆர்.எக்ஸ். என்ற இணையதளம் இருக்கிறது, 2003இல் தொடங்கியது. நிகழ்ச்சியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சி இயக்குநருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பலரிடமிருந்து பதிலே இல்லை. அரை நிமிட விளம்பரம் ஒன்றும் அனுப்பினோம். அதன் கடைசிச் சில விநாடிகளில் வெறும் இசை. “திங்கள் மதியம் 2 மணிக்கு, நம் நிலையத்தில்” என்று உள்ளூர்க் குரல் சேர்ப்பதற்கான இடம் அது. முழு நிகழ்ச்சியைவிட இந்த அரை நிமிடம்தான் அதிகம் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

நடுவில் சிலர் சிகாகோவின் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ வானொலி நிகழ்ச்சியின் கதையைச் சொல்லி அவசரப்படுத்தினார்கள்: 1995இல் உள்ளூரில் தொடங்கி மறு ஆண்டே நாடு முழுவதும் போனது. பிலடெல்பியாவின் ‘ஃப்ரெஷ் ஏர்’ 1975இல் தொடங்கி, நாடு தழுவிய தினசரி நிகழ்ச்சியாக மாற 1987 வரை ஆனதை யாரும் சொல்லவில்லை.

எங்களைச் சில நிலையங்கள் நல்ல நேரத்தில் போட்டன. ஒன்று ஞாயிறு விடியற்காலை 6 மணிக்குப் போட்டது. அப்போது யார் கேட்டிருப்பார்களோ! பிறகு ஒரு வெளிமாநில இயக்குநர், நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் இயக்குநர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் “இருக்கிறது” என்று பதில் போட்டுவிட்டார்.