கரிச்சட்டி

எங்கள் மலையில் பிள்ளைக்கு எது வந்தாலும் குளிர்மேல்தான் பழி. நானும் அப்படி வளர்ந்தவள்தான். அம்மா குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பரா ஆயா. வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுடைய பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா வேண்டும் என்றது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். அதன் புண்ணியத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

இப்போது ஊட்டிக்குப் பக்கத்தில், லவ்டேலில் நான் ஒரு காப்பகம் நடத்துகிறேன். ஒன்பது பிள்ளைகள், மூன்று வயதுக்குள்.

ஒரு ஜனவரி, உறைபனிக் காலம். மதியத் தூக்க நேரத்தில் அம்மா செய்வதுபோலவே கரிச்சட்டியை அறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைச் செருகினேன். கரி நன்றாகக் கனிந்திருந்தது. புகை இல்லையே, அப்புறம் என்ன பயம் என்றிருந்தேன். அரை மணி நேரத்தில் எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. பருப்புச் சாதத்தைத்தான் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் இருந்ததைத் தட்டினேன். கண்ணைத் திறந்து, திரும்பச் சொருகிக்கொண்டது.

நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன புள்ள, இப்படி அடைச்சு வெச்சிருக்க?" ஒவ்வொன்றாக வாசலுக்குத் தூக்கினோம். ஒன்பதும் சேர்ந்து அழுத பிறகுதான் எனக்குக் கால் தரையில் நின்றது. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். நிறமில்லை, வாசனையில்லை, இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளுமாம். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குச் சீக்கிரம் ஏறிவிடும்.

அன்றோடு அறைக்குள் நெருப்பு கிடையாது.

அப்புறம் கம்பளி. ஒரு வயதுக்குள் இருப்பவர்களை மல்லாக்கத்தான் படுக்க வைக்கிறேன். தலையணை, கம்பளி, பொம்மை எதுவும் கிடையாது, குரங்குக் குல்லாவையும் கழற்றிவிடுவேன். முகத்தை மூடினால் விலக்க அந்த வயதுக்குத் தெரியாது. கையைத் தொட்டுவிட்டு "சில்லுன்னு இருக்கே" என்பார்கள். கைக்குழந்தையின் கை அப்படித்தான் இருக்கும். பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்ற வேண்டும்.

கை கழுவும் கதை வேறு. டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தேன். உதவிக்கு வரும் பெண் தலையாட்டுவாள், விரல் நுனியை மட்டும் நனைப்பாள். கோபம்தான் வரும். ஒரு டிசம்பர் காலையில் நானே அந்தக் குழாயைத் திறந்தேன், ஊசியாகக் குத்தியது. பேதி ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொன்றுக்குப் போவதே இந்தக் கை வழியாகத்தான். இப்போது அங்கே குழாய் வைத்த சின்ன டிரம்மில் வெதுவெதுப்பான தண்ணீர். தாளைக் கிழித்துவிட்டேன்.

இன்று காலை ஒரு பாட்டி, மூன்று ஸ்வெட்டர் போட்ட பேரனோடு வந்தார். அவர் விரலைப் பிடித்துப் பிடரியில் வைத்தேன். ஈரம். ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். முறைத்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டார்.