கால் பங்கு கப்புக்குச் சர்வோ தேடிய நாட்கள்

2025 ஜனவரி 5, ஞாயிறு

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானத்தின் உடல் வேலை முடிந்தது. பைப்பர் ஜே-3 கப் என்ற சிறு விமானம், கால் பங்கு அளவு. அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 10.74 மீட்டர், என்னுடையது 2.69. ஹாலில் குறுக்கே கிடக்கிறது. சமையலறைக்குப் போகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். வீட்டில் இதைப் பற்றி நேரடியாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை; பாத்திரங்கள்தான் கொஞ்சம் சத்தமாக விழுகின்றன.

பெட்ரோல் எஞ்சினோடு எட்டரை கிலோ வரும். இதுவரை ஒன்றரை கிலோ விமானங்களோடுதான் பழக்கம். அதற்கெல்லாம் கைக்குக் கிடைத்த சர்வோவை (ரிமோட் சொன்னபடி தன் கையைத் திருப்பி, விமானத்தின் அசையும் பாகங்களை இழுக்கும் சிறு மோட்டார்ப் பெட்டி) போட்டுப் பறந்தாயிற்று. இதில் அந்த விளையாட்டு நடக்காது. எய்லரானுக்கு (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடிப்பு) இரண்டு, எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) இரு பாதிக்கும் தனித்தனியே இரண்டு, ரடருக்கு (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடிப்பு) ஒன்று, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு ஒன்று: மொத்தம் ஆறு. எலிவேட்டருக்கு ஒரே சர்வோ போதும்தான். ஆனால் இரண்டு இருந்தால், ஒன்று வானத்தில் செத்தாலும் மற்ற பாதியை வைத்துத் தட்டுத்தடுமாறி இறக்கிவிடலாம்.

2025 ஜனவரி 8, புதன்

ஆசை யாரை விட்டது. உலோக கியர், திருப்பு விசை 20 கிலோ-செ.மீ. என்று எழுதிய கறுப்புப் பெட்டி சர்வோ ஒன்று, நல்ல சர்வோவின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. சோதித்துப் பார்க்க ஒன்றே ஒன்று வாங்கினேன்.

மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு, 2.5 செ.மீ. நீளச் சர்வோ கையில் பிளாஸ்டிக் கேனைத் தொங்கவிட்டேன். 20 கிலோ-செ.மீ. உண்மையென்றால் 2.5 செ.மீ. தூரத்தில் எட்டு கிலோவைப் பிடிக்க வேண்டும். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றினேன். நாலு லிட்டரில் மூச்சு வாங்கியது. ஐந்தில் ஊஊ என்று முனகிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கணக்குப் போட்டால் 12.5 தான்.

பொய்க் கணக்கைக்கூட மன்னித்துவிடலாம். கேனைக் கழற்றிய பிறகு கை பழைய நடுநிலைக்கு வரவில்லை. ஒரு தடவை மூன்று டிகிரி இந்தப் பக்கம், அடுத்த தடவை அந்தப் பக்கம். நேராகப் பறக்க டிரிம் (நடுநிலையில் சிறு திருத்தம்) வைத்தால், அடுத்த திருப்பத்துக்குப் பிறகு அந்த டிரிம் எங்கே இருக்குமென்று தெரியாது. இதை எய்லரானில் போடவே முடியாது. பையன் ரோபோ செய்ய எடுத்துக்கொண்டான்.

2025 ஜனவரி 11, சனி

உண்மையில் எவ்வளவு விசைதான் வேண்டும் என்று இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எய்லரான் 70 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 20 டிகிரி அசைவு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், சர்வோ கை 45 டிகிரி திரும்புவதாக வைத்தால், வருவது சுமார் 1.7 கிலோ-செ.மீ.!

நம்ப முடியாமல் மறுபடி போட்டேன். அதேதான். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. தலைகீழாக 200-இல் பாய்ந்து வந்தால் 6.7. கப் அப்படிப் பாயும் ஜாதி இல்லை. நான் முட்டாள்தனம் செய்தால்தான் உண்டு. அதே அளவு ஏரோபாட்டிக் விமானமென்றால் கதை வேறு. அகலமான எய்லரான், 35, 40 டிகிரி அசைவு, கூடுதல் வேகம் எல்லாம் சேர்ந்து விசையைப் பல மடங்காக்கிவிடும். அவர்கள் 20, 30 கிலோ-செ.மீ. கேட்பது வீம்புக்கு இல்லை.

2025 ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

அண்ணாச்சி வந்தார். ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருடமாக மாடல் விமானம் விடுகிறவர். கரும்பைக் கடித்துக்கொண்டே எய்லரான் இணைப்பைப் பார்த்தார்.

"தம்பி, சர்வோ கை எவ்வளவு நீளம் வச்சிருக்கீங்க?"

"2.7 செ.மீ., அண்ணாச்சி. அசைவு ஜாஸ்தியா இருந்துச்சு, டிரான்ஸ்மிட்டர்ல பாதியாக் குறைச்சுட்டேன்."

"அதான் தப்பு. மாட்டை அடக்க வடக்கயிறா கட்டறோம்? மூக்கணாங்கயிறு போதும். எங்க பிடிக்கிறோம்ங்கறதுதான் விஷயம்."

அவர் போன பிறகு கணக்கை மறுபடி எடுத்தேன். சர்வோவை 22 டிகிரியோடு நிறுத்தி, நீளக் கையால் அதே 20 டிகிரி அசைவை எடுத்தால் தேவை 1.7 அல்ல, 4.1. எய்லரான் ஹார்ன் (எய்லரானில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடி) 3 செ.மீ. என்பதால் சர்வோ கை ஒன்றரை செ.மீ. போதும், சர்வோ தன் முழு அசைவையும் செய்யும். கியரில் இருக்கும் சிறு ப்ளேயும் (தளர்வாட்டம்) எய்லரானில் பாதியாகத்தான் தெரியும். புஷ்ராடை (சர்வோ கையையும் ஹார்னையும் இணைக்கும் கம்பி) சர்வோ கையின் உள் துளைக்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. இந்த ஐந்து நிமிடத்துக்கு முன்பு கூடுதல் விசைக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க இருந்தேன்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

முடிவு செய்தாயிற்று. எய்லரான், எலிவேட்டர் நான்குக்கும் ஹைடெக் கம்பெனியின் எச்எஸ்-645எம்ஜி. 6 வோல்ட்டில் 9.6 கிலோ-செ.மீ., 60 டிகிரி திரும்ப 0.20 விநாடி. அனலாக்தான். டிஜிட்டல் வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். டிஜிட்டல் சர்வோ மோட்டாருக்கு அடிக்கடி துடிப்பு அனுப்பி நிலையை இறுகப் பிடிக்கும், உண்மை. அதற்கேற்ப மின்சாரத்தையும் குடிக்கும். இந்தச் சோம்பேறி விமானத்துக்கு அனலாக் போதும்.

ரடருக்கு மட்டும் எச்எஸ்-5645எம்ஜி டிஜிட்டல், 6 வோல்ட்டில் 12.1. கப் ரடரைக் கேட்டு வாங்கும் விமானம். எய்லரான் மட்டும் கொடுத்தால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். தரையில் வால் சக்கரமும் அதே சர்வோவில்தான். த்ராட்டிலுக்குப் பெட்டியில் கிடந்த பழைய சாதாரண சர்வோ.

சர்வோ கை மாட்டும் தண்டின் பற்களைக் கவனிக்க வேண்டும். இந்த ஹைடெக் சர்வோக்களின் தண்டில் 24 பல், ஃபுட்டபாவில் 25, ஜேஆரில் 23. போன வருடம் 25 பல் கையை 24-இல் தட்டி ஏற்றி, மறை கழண்ட மாதிரி சுற்றவிட்டவன் நான்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

வயர் வேலை. வாலுக்குப் போகும் நீட்டிப்பு ஒரு மீட்டர். மெல்லிய 26 கேஜ் வயரில், போகவும் வரவும் சேர்த்து கால் ஓமுக்குச் சற்றுக் கூடுதல். 3 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். சற்றுத் தடித்த 22 கேஜில் அது 0.3. பேட்டரி ஐந்து செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 6 வோல்ட். அதில் 0.8 போனால் திருப்பு விசையும் போச்சு. எல்லாவற்றையும் 22-க்கு மாற்றினேன். லித்தியம் பாலிமர் இரண்டு செல் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட், இந்த சர்வோக்கள் தாங்காது.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

சர்வோக்களை ரப்பர் வளையம், பித்தளைக் குழலோடு மாட்டியாயிற்று. குழலின் அகன்ற விளிம்பு மரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் அது மரத்துக்குள் இறங்கி, ரப்பர் நசுங்கி, எஞ்சின் அதிர்வு நேரே கியருக்குப் போகும். இரண்டைத் தலைகீழாகத்தான் போட்டிருந்தேன்.

த்ராட்டிலை முழுக்க மூடியபோது அந்தச் சர்வோ முனகியது. கார்புரேட்டர் முட்டிய பிறகும் தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் பறக்கும் நேரமெல்லாம் பேட்டரியை உறிஞ்சியிருக்கும். சர்வோவின் அசைவு எல்லையைக் குறைத்ததும் அடங்கியது.

எல்லாச் சர்வோவையும் ஆன் செய்து எய்லரான் நுனியை விரலால் ஆட்டிப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ப்ளே. உலோகப் பல் லேசில் உடையாது, ஆனால் நாளாக ஆகத் தேயும். தேய்ந்தால் ப்ளே, ப்ளே கூடினால் வேகத்தில் எய்லரான் படபடக்கும், அப்புறம் இறக்கை கையில் வராது.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறரை, காற்று இல்லை. டிரான்ஸ்மிட்டரை (சிக்னலைக் குறைத்து அனுப்பும்) ரேஞ்ச் சோதனை நிலையில் வைத்து, முப்பது தப்படி நடந்து பார்த்தோம். எஞ்சின் ஓடும்போதும் ஆறு சர்வோவும் சொன்னபடி கேட்டன.

அண்ணாச்சி வாலைப் பிடித்துவிட்டார். வலது ரடர் கொஞ்சம் கொடுத்து ஓடவிட்டேன், தானாக எழுந்தது. இரண்டு சுற்றுக்குள் எலிவேட்டர் டிரிம் மூன்று கிளிக் இறக்கம். அதற்குப் பிறகு டிரிமைத் தொடவே இல்லை. எட்டுப் போட்டேன், தாழப் பறந்து ஒரு முறை காட்டினேன். இறங்கும்போது மட்டும் தவளை மாதிரி இரண்டு குதி.

மொத்தம் 12 நிமிடம். வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டால் 190 மில்லி ஆம்பியர்-மணிதான் ஏறியது. ரடர் சர்வோவின் கை திருகு மட்டும் அரைச் சுற்று தளர்ந்திருக்கிறது. நாளைக்குக் கழற்றி, திருகு தளராமல் பிடிக்கும் பசை ஒரு துளி வைக்க வேண்டும்.